மகளின் ஆடிஷனுக்கு ஐந்து பேரும் போக வேண்டுமா?

கேள்வி: நாங்கள் நியூ ஜெர்சி எடிசனில் இருக்கிறோம். மகள் பன்னிரண்டாம் வகுப்பு. பாட்டும் நடனமும் சேர்ந்த நாடகக் கலையான மியூசிக்கல் தியேட்டர்தான் படிப்பேன் என்று உறுதியாக இருக்கிறாள். 11 கல்லூரிகளுக்கு விண்ணப்பித்து, பாட்டு, நடனம், வசனம் என்று ப்ரீஸ்கிரீன் (முதல் கட்டத் தேர்வு) வீடியோ அனுப்பியிருக்கிறாள். இதுவரை 4 கல்லூரிகள் நேரடி ஆடிஷனுக்கு அழைத்திருக்கின்றன. மற்றவை இன்னும் பதில் சொல்லவில்லை. ஜனவரிக் கடைசியில் சிகாகோ, அப்புறம் பிட்ஸ்பர்க், ஆன் ஆர்பர், சின்சினாட்டி என்று போகத் திட்டம். நான், கணவர், மகள், ஆறாம் வகுப்புப் படிக்கும் மகன், ஊரிலிருந்து வந்திருக்கும் மாமியார் என்று ஐந்து பேரும் போனால் பிள்ளைக்குத் தெம்பாக இருக்கும் என்கிறார் கணவர். கணக்குப் போட்டால் 11,400 டாலர் வருகிறது. மகளுக்காக 529 பிளானில் (படிப்புச் செலவுக்கென்று வரிச் சலுகையோடு சேமிக்கும் கணக்கு) 86,000 டாலர் இருக்கிறது. அதில் நாங்கள் போட்டது 52,000. "படிப்புச் செலவுதானே, அதிலிருந்தே எடுங்கள்" என்கிறார் கொழுந்தனார். கணவரோ கிரெடிட் கார்டில் போட்டுவிடலாம் என்கிறார். அவசரத்துக்கென்று வைத்திருக்கும் 14,000 டாலரைத் தொட எனக்கு மனம் வரவில்லை. இருவர் சம்பளமும் சேர்ந்து ஆண்டுக்கு 1,60,000 டாலர். என்ன செய்யலாம்?

பதில்: அந்த 14,000 டாலரைத் தொட மனம் வரவில்லை என்று எழுதியிருக்கிறீர்களே சகோதரி, அந்த மனதை மாற்றிக்கொள்ளாதீர்கள். அடுத்த நான்கு வருடத்தில் அந்தப் பணத்துக்கு எத்தனையோ வேலை இருக்கிறது.

கொழுந்தனார் நல்ல எண்ணத்தில்தான் சொல்கிறார். ஆனால் 529 பிளானுக்கு வருமான வரித் துறை வைத்திருக்கும் பட்டியலில் கல்லூரிக் கட்டணம், புத்தகம், கணினி, விடுதி, சாப்பாடு எல்லாம் உண்டு. பயணச் செலவு கிடையாது. கல்லூரியில் சேர்ந்த பிறகு போய்வரும் விமான டிக்கெட்டே அதில் சேராது என்னும்போது, சேர்வதற்கு முன் போகும் ஆடிஷன் எப்படிச் சேரும்? மீறி 11,400 டாலர் எடுத்தால், உங்கள் கணக்கின் விகிதப்படி அதில் ஏறக்குறைய 4,500 டாலர் வளர்ச்சிப் பணம். அதற்கு 10 சதவீதம் அபராதம், உங்கள் சம்பளத்துக்கு 22 சதவீதம் மத்திய வரி. இரண்டும் சேர்ந்தால் 1,440 டாலர். மாநில வரி தனி. அந்த 1,440 டாலரில் தாயும் மகளும் ஒரு பயணமே போய்வந்துவிடலாம்.

கார்டில் போட்டு உடனே அடைக்க முடியாவிட்டால் இன்னும் மோசம். 22 சதவீத வட்டி என்று வைத்துக்கொண்டாலும் மாதம் 200 டாலருக்கு மேல் வட்டியாகவே போகும். ஆக இரண்டுமே வேண்டாம். செலவைக் குறைத்து, வருகிற சம்பளத்திலிருந்தே கொடுத்துவிடுவோம். முடியும் என்றுதான் நினைக்கிறேன்.

யார் யார் போவது என்பதில் கணவரோடு நான் மாறுபடுகிறேன். மூன்று வருடம் முன்பு நானும் இதே வழியில் போய் வந்தவள்தான், அதனால் நான் பார்த்ததைச் சொல்கிறேன். சிகாகோவில் ஒரு ஹோட்டல், காலை ஏழு மணி. கம்பளம் விரித்த நீளமான நடைவழியில் இரண்டு பக்கமும் சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்திருந்தார்கள் பிள்ளைகள். மடியில் பாட்டுத் தாள்கள் செருகிய கறுப்பு பைண்டர், பக்கத்தில் நடனக் காலணி, வெந்நீர் பிளாஸ்க். ஒரு கதவுக்குப் பின்னால் பியானோ, அடுத்த கதவுக்குப் பின்னால் யாரோ அழுது வசனம் பேசுகிறார்கள். என் மகள் உள்ளே போய் வெளியே வர எட்டு நிமிடம்கூட ஆகவில்லை. அந்த எட்டு நிமிடத்துக்காக நாங்கள் நான்கு பேர் விமானம் ஏறி வந்திருந்தோம்.

சின்னவனுக்குப் பசி, போர் அடிக்கிறது என்று ஒரே நச்சரிப்பு. நடனத் தேர்வுக்கு முன்னால் உடம்பைத் தளர்த்திக்கொள்ள வேண்டிய நேரத்தில் அவள் தம்பிக்குச் சிப்ஸ் வாங்க லிஃப்ட் ஏறி இறங்கிக்கொண்டிருந்தாள். நான் அப்போது போனில் இருந்தேன். அவள் ஒரு வார்த்தை சொல்லவில்லை. எனக்கு இன்றைக்கும் அது உறுத்துகிறது. குடும்பமே வந்தால் தெம்பு என்று நாம் நினைக்கிறோம். பிள்ளையோ, இத்தனை பேர் நமக்காகக் காசு செலவழித்து வந்திருக்கிறார்களே என்று மனதுக்குள் கணக்குப் போடுகிறாள்.

அதனால் ஒருவர் மட்டும் போங்கள். அம்மாவா அப்பாவா என்பதை மகளிடமே கேளுங்கள். வெளியே வந்ததும் "எப்படிப் பண்ணினே?" என்று கேட்காமல் இருக்கக்கூடியவர் யாரோ அவர் போவது நல்லது. மற்றவர் மாமியாருடனும் மகனுடனும் வீட்டில் இருக்கட்டும். மகனுக்கும் பள்ளி தவறாது. வயதானவரை ஜனவரிப் பனியில் விமான நிலையம் விமான நிலையமாக அலைக்கழிக்கவும் வேண்டாம்.

அடுத்தது, நீங்கள் சிகாகோவிலிருந்து தொடங்குகிறீர்களே, அதற்கு அவசியம் உண்டா? ஜனவரிக் கடைசியிலும் பிப்ரவரித் தொடக்கத்திலும் பல கல்லூரிகள் ஒரே ஊரில் கூடி ஆடிஷன் நடத்துகின்றன. பிள்ளைகள் யூனிஃபைட்ஸ் என்று சொல்வது அதைத்தான். சிகாகோவில் நடப்பதுபோல நியூயார்க்கிலும் நடக்கிறது. எடிசன் ஸ்டேஷனில் என்ஜே டிரான்சிட் ரயில் ஏறினால் ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் நியூயார்க் பென் ஸ்டேஷன். நியூயார்க் ஆடிஷன்கள் பெரும்பாலும் மிட்டவுனில் வாடகைக்கு விடும் ஒத்திகை ஸ்டூடியோக்களில்தான். ஹோட்டல் வேண்டாம், விமானம் வேண்டாம். முதல் நாள் இரவு மகள் தன் கட்டிலில் தூங்கி எழுந்து, வீட்டு ரசம் சாப்பிட்டுவிட்டுப் போகலாம். ஓஹாயோவிலிருந்தும் டெக்சாஸிலிருந்தும் வருகிற பிள்ளைகள் ஆயிரக்கணக்கில் செலவழித்து வரும் இடம் உங்களுக்கு ரயில் தூரத்தில் இருக்கிறது.

எனவே அழைத்த 4 கல்லூரிகளின் ஆடிஷன் பக்கத்தையும் இன்றே திறந்து, எவை நியூயார்க் வருகின்றன என்று பாருங்கள். வருகிற எல்லாவற்றுக்கும் அங்கேயே நேரம் கேளுங்கள். இடம் சீக்கிரம் நிரம்பிவிடும், தள்ளிப்போட வேண்டாம். முன்பதிவு இல்லாமல் வருகிறவர்களையும் அங்கே சில கல்லூரிகள் பார்ப்பதுண்டு. அதனால் பைண்டரில் கூடுதலாக இரண்டு பாட்டு இருக்கட்டும். நியூயார்க் வராத கல்லூரி வீடியோ வழி ஆடிஷனை ஏற்கிறதா என்றும் கேளுங்கள். 2020க்குப் பிறகு இதை ஏற்பவர்கள் பெருகிவிட்டார்கள். இதற்கெல்லாம் பிறகும் நேரில்தான் வர வேண்டும் என்று மிஞ்சுகிற கல்லூரிக்கு மட்டும் பயணம். ப்ரீஸ்கிரீன் முடிவு வராத கல்லூரிக்கு டிக்கெட் எடுக்கவே கூடாது.

மிஞ்சியதிலும் எதற்குப் போவது என்பதை முடிவு செய்ய ஒரு வழி இருக்கிறது. கல்லூரிகளின் இணையதளத்தில் நெட் பிரைஸ் கால்குலேட்டர் இருக்கும். உங்கள் சம்பளம், சேமிப்பு எல்லாம் போட்டால், உதவித்தொகை கழித்து உங்கள் குடும்பம் ஏறக்குறைய எவ்வளவு கட்ட வேண்டும் என்று சொல்லிவிடும். டிக்கெட் வாங்குவதற்கு முன் அதைப் பாருங்கள். நான் இதில் பிடிவாதமாக இருப்பதற்குக் காரணம் உண்டு. நியூயார்க் பல்கலைக்கழகம் (என்ஒய்யு), கார்னகி மெலன் போன்ற இடங்களில் விடுதி, சாப்பாடு சேர்த்து முழுச் செலவு ஆண்டுக்கு 90,000 டாலரைத் தாண்டுகிறது. நான்கு வருடத்துக்கு 3,60,000. உங்களிடம் 86,000 இருக்கிறது. மகள் தன் பெயரில் எடுக்கக்கூடிய மத்திய அரசுக் கடன் முதல் வருடம் 5,500, நான்கு வருடத்துக்கும் சேர்த்து 27,000. முன்பெல்லாம் மீதி எவ்வளவானாலும், மத்திய அரசு பெற்றோருக்குத் தரும் பேரன்ட் பிளஸ் லோனில் எடுத்துவிடலாம். 2026 ஜூலை 1 முதல் புதிதாக எடுப்பவர்களுக்கு ஒரு பிள்ளைக்கு ஆண்டுக்கு 20,000, மொத்தம் 65,000 என்று வரம்பு வைத்துவிட்டார்கள். எல்லாவற்றையும் கூட்டினாலும் 1,78,000 தான். பாதிகூட வரவில்லை. மீதிக்குத் தனியார் கடன்தான், அதற்கு நீங்களோ கணவரோ கையெழுத்துப் போட வேண்டியிருக்கும்.

கலைப் படிப்பு என்பதால் இதைச் சொல்கிறேன் என்று நினைத்துவிடாதீர்கள். கம்ப்யூட்டர் படிப்புக்குக் கேட்டிருந்தாலும் இதே கணக்கைத்தான் போட்டுக் காட்டியிருப்பேன். ஆடிஷனைப் பார்த்து கல்லூரி தரும் திறமை உதவித்தொகையை அந்தக் கால்குலேட்டர் பெரும்பாலும் சேர்ப்பதில்லை. அது எவ்வளவு வரை கிடைக்கும் என்று ஒவ்வொரு கல்லூரியிடமும் தனியாகக் கேளுங்கள். அந்த உதவித்தொகை அதிகபட்சமாகக் கிடைத்தால்கூட மீதியைக் கட்ட முடியாத கல்லூரிக்குப் பறந்து போய் ஆடிஷன் கொடுத்து, இடமும் கிடைத்து, அப்புறம் முடியாது என்று மகளிடம் சொல்ல நேர்வதுதான் எனக்குப் பயம். அந்தப் பேச்சை இப்போதே பேசிவிடுங்கள், எண்களைக் கையில் வைத்துக்கொண்டு. பதினேழு வயதுப் பிள்ளைக்குப் புரியும்.

உங்கள் 11 கல்லூரிகளில் மான்ட்கிளேர் ஸ்டேட் இருக்கிறதா என்று எழுதவில்லை. உங்கள் மாநில அரசுப் பல்கலைக்கழகம், அங்கே மியூசிக்கல் தியேட்டர் பட்டப்படிப்பு இருக்கிறது, காரில் போய்வரும் தூரம். மாநிலத்தவருக்கான கட்டணம். பட்டியலில் இல்லாவிட்டால், கடைசித் தேதி தாண்டவில்லையென்றால் சேருங்கள்.

சரி, பட்ஜெட். ஆடிஷன் காலம் முழுவதற்கும் 3,500 டாலர் என்று வரம்பு போடுங்கள். நியூயார்க் ரயிலுக்கும் சாப்பாட்டுக்கும் 300. இருவர் போகும் வெளியூர்ப் பயணம் இரண்டுக்குத் தலா 1,200. மீதி 800 கையிருப்பு. இன்றிலிருந்து ஜனவரி முடிய மூன்று மாதம், மாதம் 1,170 டாலர் தனிக் கணக்கில் போய்விடட்டும். கார்டில் டிக்கெட் வாங்குவதில் தப்பில்லை. பில் வந்ததும் அந்தக் கணக்கிலிருந்து முழுதாக அடைத்துவிடுங்கள். மூன்றாவது பயணம் வந்தால் என்ன செய்வது என்று கேட்பீர்கள். இரண்டில் ஒன்றை விட்டுவிட வேண்டும், அவ்வளவுதான்.

வாங்கும்போது சில விஷயம். பேசிக் எகானமி என்னும் மலிவு டிக்கெட் வேண்டாம். ஆடிஷன் தேதி மாறினால் அந்தப் பணம் பெரும்பாலும் போனதுதான். புறப்பட ஏழு நாளோ அதற்கு மேலோ இருக்கும்போது விமான நிறுவனத்திடம் நேரடியாக வாங்கிய டிக்கெட்டை 24 மணி நேரத்துக்குள் ரத்து செய்தால் முழுப் பணமும் வரும். பனிப்புயலால் விமான நிறுவனமே ரத்து செய்து நீங்கள் வேறு விமானம் ஏறவில்லை என்றாலும் பணம் திரும்பி வரும். ஹோட்டலுக்கு அந்தச் சட்டம் கிடையாது. அதனால் கொஞ்சம் கூடுதலானாலும் ரத்து செய்யக்கூடிய அறையாகப் பாருங்கள். ஆடிஷனுக்கு முந்தின நாளே போய்ச் சேர்ந்துவிடுங்கள். நடனக் காலணியும் பைண்டரும் கைப்பையில் வரட்டும், பெட்டியில் போட வேண்டாம். பிட்ஸ்பர்க் ஐந்தரை ஆறு மணி நேரக் கார்ப் பயணம்தான். அதற்கு விமானம் தேவையில்லை.

கணவரின் ஆசையையும் நான் தள்ளிவிடவில்லை. ஐந்து பேரும் சேர்ந்து போவதற்கு ஏப்ரல் இருக்கிறது. அப்போது இடம் கிடைத்த கல்லூரிகளின் பெயரும் உதவித்தொகைக் கடிதமும் கையில் இருக்கும். பெரும்பாலான கல்லூரிகளுக்கு மே 1க்குள் முடிவு சொல்ல வேண்டும். மகள் நான்கு வருடம் இருக்கப்போகிற விடுதியையும் ஒத்திகை அறையையும் பாட்டியும் தம்பியும் பார்க்கட்டும். அந்த ஒரு பயணத்துக்கு 2,000 டாலர் ஒதுக்கினாலும் நீங்கள் முதலில் போட்ட கணக்கில் பாதிக்கும் கீழேதான் வரும். மாமியார் ஏப்ரல் வரை இங்கே இருப்பாரா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். அவருடைய விசாவும் மருத்துவக் காப்பீடும் எந்தத் தேதியோடு முடிகின்றன என்று எழுதவில்லையே.

மீதி 7 கல்லூரிகளின் ப்ரீஸ்கிரீன் முடிவு வந்ததும், கால்குலேட்டர் சொன்ன தொகையை ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் குறித்து அனுப்புங்கள். ஆன் ஆர்பரா சின்சினாட்டியா என்று சேர்ந்தே பார்ப்போம்.