வாசகர் கேள்விகள்: வான்வழித் தூரமும் பயண நேரமும்

கேள்வி: இரு விமான நிலையங்களுக்கு இடையேயான தூரத்தை விமானத்தின் வேகத்தால் வகுத்தால் கிடைக்கும் நேரமும் பயணச்சீட்டில் உள்ள நேரமும் ஏன் ஒத்துப்போவதில்லை?

பதில்: நீங்கள் வகுக்கும் தூரம், எந்த விமானமும் பெரும்பாலும் அப்படியே பறந்து கடக்கும் தூரமன்று. இரு நிலையங்களின் அட்சரேகை, தீர்க்கரேகைகளை வைத்து, பூமியைச் சுமார் 6,371 கிலோமீட்டர் ஆரமுள்ள கோளமாகக் கொண்டு கணக்கிடப்படும் பெருவட்டத் தூரம், அதாவது பூமியின் மேற்பரப்பு வழியான மிகக் குறுகிய தூரம் அது. லண்டன் ஹீத்ரோவுக்கும் நியூயார்க் கென்னடி நிலையத்துக்கும் இடையே இது ஏறத்தாழ 5,540 கிலோமீட்டர். மணிக்கு 900 கிலோமீட்டர் என்று வகுத்தால் ஆறே கால் மணிக்கும் குறைவாகவே வரும். கால அட்டவணையிலோ போவதற்குச் சுமார் எட்டு மணி நேரமும் வருவதற்குச் சுமார் ஏழு மணி நேரமும் இருக்கும்.

அட்டவணை நேரம் விமானம் நிறுத்துமிடத்தைவிட்டு நகர்வதில் தொடங்கி, சென்ற இடத்தில் நிறுத்தப்படுவதில் முடிகிறது. ஓடுபாதைவரை ஊர்ந்து செல்வது, மேலேறுவது, இறங்க முறை வரும்வரை வட்டமிடுவது எல்லாம் அதில் அடக்கம். தாமதத்துக்கென்று விமான நிறுவனங்கள் சில நிமிடங்களைக் கூட்டியே அச்சிடுவதும் உண்டு. 'முன்கூட்டியே வந்துவிட்டோம்' என்ற அறிவிப்பைக் கேட்டு நாம் அளவுக்கு மீறி மகிழ வேண்டியதில்லை.

போகும் நேரமும் வரும் நேரமும் வேறுபடுவதற்குக் காரணம் காற்று. ஏறத்தாழ 9 முதல் 12 கிலோமீட்டர் உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்காக வீசும் அதிவேகக் காற்றோட்டம், கிழக்கே செல்லும் விமானத்தை உந்தித் தள்ளும். எதிரே வருவதைத் தடுக்கும். 2020 பிப்ரவரியில் நியூயார்க்கிலிருந்து புறப்பட்ட பிரிட்டிஷ் ஏர்வேஸின் போயிங் 747 விமானம் 4 மணி 56 நிமிடத்தில் லண்டனை அடைந்தபோது, தரையைப் பொறுத்து அதன் வேகம் மணிக்கு 1,300 கிலோமீட்டரைத் தாண்டியிருந்தது. ஆயினும் அது ஒலியின் வேகத்தைக் கடக்கவில்லை. ஏனெனில், அதைச் சுமந்த காற்றே நகர்ந்துகொண்டிருந்தது. இதனால்தான் வட அட்லாண்டிக்கைக் கடக்கும் வழித்தடங்கள் காற்றைப் பார்த்து நாள்தோறும் மாற்றி வகுக்கப்படுகின்றன. எதிர்காற்றைத் தவிர்க்கச் சில நூறு கிலோமீட்டர் சுற்றிப் போவது பல நாட்களில் நேரத்தையும் எரிபொருளையும் மிச்சப்படுத்துகிறது.

சுற்றிப் போவதற்கு அரசியலும் காரணமாகலாம். 2022இல் ரஷ்ய வான்வெளி மூடப்பட்ட பின், ஹெல்சிங்கியிலிருந்து டோக்கியோவுக்கு ஒன்பதரை மணி நேரமாக இருந்த பயணம் சுமார் 13 மணி நேரமாக நீண்டது. இரு நிலையங்களும் இருந்த இடத்திலேயேதான் இருக்கின்றன.

கேள்வி: வரைபடத்தில் விமானப் பாதை வளைவாகத் தெரிவது ஏன்?

பதில்: வளைந்திருப்பது பூமி, தட்டையான தாளில் அதை விரிக்கும்போது மிகக் குறுகிய வழிதான் வில்லாகத் தோன்றுகிறது. லண்டனுக்கும் லாஸ் ஏஞ்சலிஸுக்கும் இடையே ஓர் உலக உருண்டையின் மீது நூலை இழுத்துப் பிடித்தால், அது கிரீன்லாந்தின் தென்பகுதி வழியாகச் செல்லும்.

கேள்வி: டோக்கியோவில் மாலையில் புறப்பட்டு லாஸ் ஏஞ்சலிஸில் அதே தேதியின் காலையில் இறங்க முடியுமா?

பதில்: முடியும். வழியில், கிழக்கே செல்வோருக்குத் தேதி ஒரு நாள் பின்னே போகும் எல்லையான சர்வதேசத் தேதிக்கோட்டைக் கடக்கிறீர்கள். பயணச்சீட்டில் இரு நேரங்களும் அந்தந்த ஊரின் நேரமாகவே இருப்பதால், நேரடியாகக் கழித்துப் பார்த்தால் கணக்கு பிசகும். தேதியோடு சேர்த்து இரண்டையும் எல்லா ஊர்களுக்கும் பொதுவான அளவுகோலான உலகப் பொது நேரத்துக்கு (UTC) மாற்றிய பிறகே கழிக்க வேண்டும்.