வயதைக் கேட்கும் ஊர் (கடிதம்)

அன்புள்ள அக்கா,

நான்கு நாட்களாக ஹனோயில் இருக்கிறேன். முதுகில் ஒரு பை, ஒரு மாத விடுப்பு, தனியாக முதல் வெளிநாட்டுப் பயணம். நீங்கள் வியட்நாம் பற்றி எழுதியதைப் படித்துவிட்டுத்தான் கிளம்பினேன். ஆனால் ஊர் எனக்கு ஒட்டவில்லை. சாலையைக் கடக்கவே பயமாக இருக்கிறது. சைவச் சாப்பாடு தேடி அலைகிறேன். 20,000 டாங் என்று நினைத்து 500,000 தாளைக் கொடுத்துவிட்டேன். எல்லாவற்றையும்விட, டீ விற்கிற அம்மாவிலிருந்து விடுதிப் பெண்வரை முதலில் கேட்பது என் வயதைத்தான். அடுத்தது, கல்யாணம் ஆகிவிட்டதா? இந்தக் கேள்விகளிடமிருந்து கொஞ்ச நாள் தள்ளியிருக்கத்தானே வந்தேன்? பேசாமல் தாய்லாந்து போய்விடட்டுமா?

வி.

அன்புள்ள வி.,

போகாதீர்கள். இன்னும் ஒரு வாரமாவது இருங்கள்.

வயதுக் கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன், உங்களை அதிகம் உறுத்தியது அதுதான் என்பதால். வியட்நாமிய மொழியில் 'நான்', 'நீ' என்பதற்குப் பெரும்பாலும் உறவுச்சொற்களையே வைத்துப் பேசுகிறார்கள். உங்களைவிடச் சற்று மூத்த பெண் என்றால் அவர் 'சி', அதாவது அக்கா. நீங்கள் 'எம்', தங்கை. 'அக்கா தங்கைக்கு டீ போடட்டுமா' என்பதுபோலத்தான் வாக்கியமே அமையும். அப்பாவின் அண்ணன் 'பாக்', தம்பி 'சூ', தங்கை 'கோ'. பெரியப்பா, சித்தப்பா, அத்தை என்று பிரித்துக் கூப்பிட்டு வளர்ந்த நமக்கு இதை விளக்கவே வேண்டியதில்லை. 'டோய்' என்று பொதுவான ஒரு 'நான்' உண்டு. ஆனால் அது கொஞ்சம் விலகி நின்று பேசுகிற சொல். ஆகவே, உங்கள் வயது தெரியாத வரை அந்த டீக்கார அம்மாவுக்கு உங்களை என்ன சொல்லிக் கூப்பிடுவது என்றே தெரியாது. நீங்களும் நானும் சந்தித்ததில்லை. இருந்தும் கடிதத்தை 'அக்கா' என்றுதானே தொடங்கியிருக்கிறீர்கள்?

கல்யாணக் கேள்விக்கு இந்தச் சமாதானம் முழுதாகப் பொருந்தாது. அதில் நம் ஊர் விசாரிப்பும் கலந்திருக்கிறது. 'இல்லை' என்று சொன்னால் அடுத்த கேள்வி வரும். 'சுஅ' என்று சொல்லிப் பாருங்கள். 'இன்னும் ஆகலை' என்று அர்த்தம். அத்தோடு விட்டுவிடுவார்கள்.

நான் 2017 நவம்பரில் போனேன். மூன்றாம் நாள் இரவு நோட்டில், 'இங்கே யாரும் சிரிப்பதில்லை, எல்லோருக்கும் என் பணம்தான் வேண்டும்' என்று எழுதினேன். அந்தப் பக்கம் இன்னும் இருக்கிறது. அந்த மூன்று நாளும் நான் பார்த்தது பழைய நகரத்தின் நாலைந்து தெருக்களும், பயணிகளுக்கு எதையாவது விற்றே பிழைக்க வேண்டியவர்களும் மட்டும்தான் என்பது அப்போது உறைக்கவில்லை. நீங்களும் இப்போது அங்கேதான் இருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன்.

நாலாம் நாள், நடு வியட்நாமில் இருக்கிற ஹுவே நகரத்துக்கு இரவு ரயில் ஏறினேன். ஹனோயிலிருந்து சைகோன்வரை 1,726 கிலோமீட்டர் ஓடுகிற பாதை அது. 1936இல் கட்டி முடித்தார்கள். 1954இல் நாடு இரண்டானபோது பாதையும் துண்டானது. போர் முடிந்து, 1976 கடைசியில்தான் மறுபடி முழுதாக ஓடியது. ஆறு பேர் படுக்கிற பெட்டி. கீழ்ப் படுக்கையில் எழுபது வயதிருக்கும் ஓர் அம்மா. விரல்களைக் காட்டி என் வயதைக் கேட்டார், நானும் விரல்களால் சொன்னேன். உடனே தன் நெஞ்சில் கை வைத்து 'பா' என்றார். பாட்டி. குரலை இறக்கிச் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் வேறு சொல்லாகிவிடும் என்று மேல் படுக்கையில் இருந்த கல்லூரி மாணவி சொல்லிக்கொடுத்தாள். பத்துத் தடவை சொல்லவைத்து, சரியாக வந்ததும் அவித்த சர்க்கரைவள்ளிக் கிழங்கை உரித்துக் கையில் கொடுத்தார் பாட்டி. விடியும்வரை அவருடைய போர்வை என்மேல்தான் கிடந்தது.

மற்றவை சுருக்கமாக. சாலையில் இறங்கிவிட்டால் ஒரே வேகத்தில் மெதுவாக நடங்கள். ஓடாதீர்கள், நடுவில் நிற்காதீர்கள், பின்னால் எட்டு வைக்கவே கூடாது. மோட்டார் சைக்கிள்கள் உங்களைச் சுற்றிப் போய்விடும். காரும் பஸ்ஸும் அப்படியல்ல, அவற்றுக்கு வழிவிடுங்கள். பணத்தில் நானும் அதே தவறைச் செய்தேன், திரும்பக் கிடைக்கவில்லை. இரண்டு தாளும் நீலம், இரண்டிலும் ஹோ சி மின் முகம். 500,000 தாள்களைத் தனி உறையில் வையுங்கள்.

சாப்பாட்டுக்கு 'அன் சாய்' என்று சொல்லுங்கள், சைவம் சாப்பிடுகிறேன் என்று பொருள். வெறுமனே 'கறி வேண்டாம்' என்றால் மீன் சாஸ் ஊற்றிக் கொண்டுவருவார்கள். அங்கே பௌத்தர்கள் பலர் சந்திர மாதத்தின் முதல் நாளும் பதினைந்தாம் நாளும் சைவம்தான், நம் வீடுகளில் அமாவாசைக்கு இருப்பதுபோல. ஹுவே சைவச் சமையலுக்குப் பேர்போன ஊர். முடிந்தால் பௌர்ணமிக்கு முன் அங்கே போய்ச் சேருங்கள்.

அப்புறம், ஹுவேயிலிருந்து டா நாங் போகும்போது பகல் ரயிலாகப் பாருங்கள். ஹாய் வான் மலையை ஒட்டிப் போகும். இடப்பக்க ஜன்னலைக் கேட்டு வாங்குங்கள், கடல் அந்தப் பக்கம்.

அன்புடன்,
அக்கா