ஆற்றைக் கடந்து வந்தவர்கள்: கரேன் அகதிகள் பற்றி வாசகர் கேள்விகள்

கேள்வி: மியான்மரில் 2021-இல் நடந்த ராணுவப் புரட்சிக்குப் பிறகுதானே அந்நாட்டின் சிறுபான்மை இனத்தவரான கரேன் மக்கள் தாய்லாந்துக்கு ஓடிவரத் தொடங்கினார்கள்?

பதில்: இல்லை. கரேன் மக்களின் ஆயுதப் போராட்ட அமைப்பான கரேன் தேசிய ஒன்றியத்துக்கும் மியான்மர் அரசுக்கும் 1949 ஜனவரியில் மூண்ட போர் இது. வறண்ட மாதங்களில் ராணுவம் முன்னேறும். மக்கள் எல்லையாக ஓடும் ஆற்றைத் தாண்டுவார்கள். மழை பிடித்ததும் படை பின்வாங்கும். மக்கள் ஊர் திரும்புவார்கள். 1984-இல் மழை வந்தும் படை பின்வாங்கவில்லை. சுமார் 10,000 பேர் தாய்லாந்திலேயே தங்க நேர்ந்தது. இன்றைய எல்லை முகாம்கள் அப்படித்தான் பிறந்தன.

கேள்வி: தாய்லாந்து அகதிகள் உடன்படிக்கையில் கையெழுத்திடவில்லை. அப்படியிருக்க, அவர்களை ஏற்கச் சொல்லி எப்படிக் கேட்க முடியும்?

பதில்: 1951 உடன்படிக்கையில் தாய்லாந்து சேரவில்லை என்பது உண்மை. இந்தியாவும் சேரவில்லை, மண்டபம் முகாமை அறிந்த நமக்கு அதன் பொருள் நன்றாகவே தெரியும். ஆனால் 2007-இல் தாய்லாந்து சித்திரவதைக்கு எதிரான ஐ.நா. உடன்படிக்கையில் இணைந்தது. சித்திரவதைக்கு ஆளாகக்கூடிய இடத்துக்கு யாரையும் திருப்பி அனுப்பக்கூடாது என்கிறது அது. தாய்லாந்தின் சொந்தச் சித்திரவதைத் தடுப்புச் சட்டமே 2023 பிப்ரவரி முதல் இதைச் சொல்கிறது. அதன் 13-ஆம் பிரிவைப் பாருங்கள். எனவே நாம் கேட்பது தயவை அல்ல, அந்த நாடு தானே எழுதிவைத்த கடமையை.

கேள்வி: சண்டை ஓய்ந்ததும் அவர்களே விரும்பித் திரும்பினார்கள் என்று அதிகாரிகள் சொல்கிறார்களே. அதை நம்பக்கூடாதா?

பதில்: என்னிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்வி இது. 2021 மார்ச் 27 இரவு கரேன் பகுதியில் உள்ள டே பு நோ கிராமத்தின் மீது மியான்மர் ராணுவத்தின் போர் விமானங்கள் குண்டு வீசின. அடுத்த சில நாட்களில் ஆயிரக்கணக்கானோர் எல்லையில் ஓடும் சல்வீன் ஆற்றைக் கடந்தனர். பலர் உடனே படகில் ஏற்றித் திருப்பி அனுப்பப்பட்டதாகச் செய்திகள் வந்தன. யாரையும் கட்டாயப்படுத்தவில்லை என்றார் தாய்லாந்தின் அன்றைய பிரதமர் பிரயுத்.

விருப்பம் என்ற சொல்லை எடைபோட எனக்குத் தெரிந்த வழி ஒன்றுதான். கேட்டது யார், எந்த மொழியில், அருகில் வேறு யார் இருந்தார்கள் என்று விசாரியுங்கள். ஆற்றங்கரையில் ஒரு தார்ப்பாய். அதன் கீழே ஈரத்துணியோடு ஒரு தாய். மடியில் பிள்ளை, பக்கத்தில் ஒரு பானையும் பாதி அரிசி மூட்டையும். சீருடை அணிந்தவர் வந்து, “அந்தக் கரை அமைதியாகிவிட்டது, போகிறாயா?” என்கிறார். அவள் தலையாட்டுவாள். வேறென்ன செய்வாள்? அதைச் சம்மதம் என்று எழுதிக்கொள்வது அநியாயம். ஐ.நா. அகதிகள் ஆணையத்தினரோ வேறு சுயேச்சையான அமைப்பினரோ அவளோடு தனியே, கரேன் மொழியில் பேசியிருக்க வேண்டும். “இன்னும் நாலு நாள் பார்க்கிறேன்” என்று அவள் சொல்ல இடம் இருக்க வேண்டும்.

அமைதி என்பதும் வெறும் துப்பாக்கிச் சத்தம் நிற்பது அல்ல. 2023-இல் கண்ணிவெடிகளால் உலகிலேயே அதிகம் பேர் கொல்லப்பட்டதும் காயமுற்றதும் மியான்மரில்தான், ஆயிரத்துக்கும் மேற்பட்டோர். நடவுக்குத் திரும்புகிறவர் முதலில் கால் வைப்பது அந்த வயலில்தான்.

கேள்வி: முகாமில் இருப்பவர்கள் வேலை செய்யலாமா?

பதில்: நெடுங்காலம் முடியாமல் இருந்தது. எல்லையில் உள்ள ஒன்பது முகாம்களில் மே லா மிகப் பெரியது. தற்காலிகத் தங்குமிடம் என்பதால் மூங்கிலும் இலைக்கூரையும்தான். பேரப்பிள்ளைகளும் அந்தக் கூரையின் கீழேயே பிறந்துவிட்டார்கள். 2025-இல் வெளிநாட்டு உதவி வற்றி உணவுப்பங்கீடே ஆட்டம் கண்ட பிறகு, அக்டோபர் முதல் முகாமுக்கு வெளியே சட்டப்படி வேலை செய்யத் தாய்லாந்து அனுமதித்தது. மனமார வரவேற்கிறேன். ஆனால் இது நெடுநாளாகப் பதிவு பெற்றிருப்பவர்களுக்கானது. 2021-க்குப் பின் வந்தவர்களில் மிகப் பலர் அந்தப் பதிவில் இல்லை. எல்லையோரத் தாய்லாந்து நகரான மே சோட்டில் மறைந்து வாழும் அவர்களுக்குக் கைதாகும் பயம் தீரவில்லை.

கேள்வி: அகதிகள் ஆற்றைக் கடக்கும் காணொளிகளைப் பகிர்வது அவர்களுக்கு உதவுமா?

பதில்: முகமும் இடமும் தெரியாவிட்டால் பகிருங்கள். ஆற்றின் வளைவு, மணல்திட்டு, கோயில் கோபுரம் என ஏதாவது ஒன்று போதும், மறைவிடத்தை அடையாளம் காண. முகம் தெரிந்தால், ஊரில் தங்கிவிட்ட உறவினர் விசாரணைக்கு இழுக்கப்படலாம். உங்களுக்கு வந்த படத்தில் ஒரு பெண்ணின் முகம் தெளிவாகத் தெரிந்தால், அனுப்பியவரிடமும் நீக்கச் சொல்லுங்கள்.