எந்த எடிட்டருக்கு மாறணும்? – கடிதமும் பதிலும்

வணக்கம் அண்ணா,

வேலைக்கு சேர்ந்து ஒரு வருஷம் ஆகுது, பைத்தான் தான் மெயினா. கோடு எழுத விஎஸ் கோடு எடிட்டர் யூஸ் பண்றேன். டீம்ல ஒரு சீனியர் விம்ங்கிற, கீபோர்டுலயே ஓட்டுற எடிட்டர் தவிர எதையும் தொட மாட்டார், "மவுஸைத் தொடுறவன்லாம் புரோகிராமரா"ன்னு கேக்குறார். இன்னொருத்தர் ஈமேக்ஸ்ங்கிற எடிட்டர், மெயில்கூட அதுலயே படிக்கிறார். நான் எதுக்கு மாறணும், இப்பவே மாறணுமா? வீட்டுல சின்னதா ஒரு தமிழ் ஸ்பெல்செக்கர் எழுதிட்டு இருக்கேன், அதையும் மனசுல வெச்சு சொல்லுங்க.

க., கோவை

தம்பி,

நீங்க விஎஸ் கோடுலயே இருங்க. முதல் ஒரு ரெண்டு வருஷத்துல கத்துக்க வேண்டியது எவ்வளவோ இருக்கு, அடுத்தவன் எழுதின கோடைப் படிக்கணும், டீபக் பண்ணணும், இதுக்கு நடுவுல எடிட்டரையும் மாத்தி கையைக் கட்டிப்போட்டுக்க வேணாம். ஆனா விம்மோட கீ எல்லாம் (அதுல கட்டளை குடுக்க அழுத்துற எழுத்துகள்) கண்டிப்பா கத்துக்கோங்க. இது ரெண்டும் வேற வேற விஷயம், உங்க சீனியர் ரெண்டையும் ஒண்ணாப் போட்டு உங்களைக் குழப்புறார்.

ஒரு காலத்துல எடிட்டர் மாறினா நிஜமாவே நிறைய மாறும், ஒவ்வொரு எடிட்டருக்கும் ஒவ்வொரு மொழிக்கும் தனித்தனியா ஆட்டோ கம்ப்ளீட் (பாதி அடிச்சா மீதியைக் காட்டுறது), ஜம்ப் டு டெஃபனிஷன் (ஒரு பெயரை எங்க எழுதியிருக்கோ அங்க போறது)னு யாராவது உக்காந்து எழுதணும். 2016ல மைக்ரோசாஃப்ட் லேங்குவேஜ் சர்வர் புரோட்டோகாலை வெளிய விட்டதுக்கு அப்புறம் அந்த நிலைமை போயிடுச்சு, மொழியைப் புரிஞ்சுக்கிற வேலையை ஒரு தனி புரோகிராம் பாத்துக்குது, எடிட்டர் அதுகிட்ட கேட்டு வாங்கிக்குது. விம்லருந்து பிரிஞ்சு வந்த நியோவிம்ல 2021ல இது உள்ளேயே வந்துடுச்சு, ஈமேக்ஸ்ல 2023ல. அதனால பைத்தானுக்கான பைரைட் மாதிரி ஒரே லேங்குவேஜ் சர்வரை விஎஸ் கோடு, நியோவிம், ஈமேக்ஸ் மூணுலயும் ஓட்டலாம். "என் எடிட்டர் தான் கோடைப் புரிஞ்சுக்கும்"னு யாரும் இப்ப சண்டை போட முடியாது.

அப்புறம் ஏன் விம் கீ? விம்முக்கு முன்னோடியான வீஐ எடிட்டரை பில் ஜாய் 1976 வாக்குல பெர்க்லில எழுதினப்போ நொடிக்கு 300 பிட் போற மோடம் வழியா வேலை பாத்தார், ஸ்கிரீன் வந்து சேர்றதுக்குள்ள கை முன்னாடி போயிடும், அதனால ஒவ்வொரு கட்டளையும் ஒரு எழுத்து ரெண்டு எழுத்துன்னு ஆச்சு. ஹெச் ஜே கே எல் தான் நகர்றதுக்குன்னு வந்ததும் அவர் டெர்மினல்ல அந்த நாலு கீ மேலதான் அம்புக்குறி அச்சடிச்சிருந்தது, அதனாலதான். மோடம் போச்சு, அந்த சுருக்கம் மட்டும் நின்னுடுச்சு, ஏன்னா அதுல ஒரு இலக்கணம் இருக்கு. டி ன்னா அழி, டபிள்யூ ன்னா வார்த்தை, டி டபிள்யூ அடிச்சா வார்த்தை அழியும். சி ன்னா அழிச்சுட்டு புதுசா எழுது, சி ஐ அடிச்சு மேற்கோள் குறி போட்டா கோட்ஸுக்கு உள்ள இருக்கிறது மட்டும் போயி கர்சர் அங்கேயே நிக்கும். அப்புறம் புள்ளியை அழுத்தினா கடைசியா செஞ்ச மாத்தம் அப்படியே இன்னொரு இடத்துலயும் நடக்கும். வினை பத்து, பெயர் பத்து கத்துக்கிட்டா நூறு கட்டளை கையில இருக்கு, தனித்தனியா மனப்பாடம் பண்ண வேண்டியதில்ல.

இன்னொரு காரணம் எனக்கு ரொம்ப முக்கியம். ஆட்டம்னு ஒரு எடிட்டர் இருந்துச்சு, 2014ல கோடு சேமிச்சு வைக்கிற தளமான கிட்ஹப் கொண்டுவந்தது, எத்தனையோ பேர் ஆசையா பேக்கேஜ் எழுதினாங்க, 2018ல மைக்ரோசாஃப்ட் கிட்ஹப்பை வாங்கினாங்க, 2022 டிசம்பர்ல ஆட்டத்தை மூடிட்டாங்க. விம்மை 1991ல வெளியிட்டு முப்பது வருஷத்துக்கு மேல காப்பாத்தின பிராம் மூலனார் 2023 ஆகஸ்ட்ல இறந்துட்டார், காசு குடுக்கணும்னா உகாண்டா குழந்தைகளுக்குக் குடுங்கன்னு அதுக்குள்ளேயே எழுதி வெச்சிருந்த மனுஷன், அவர் போனப்புறமும் கூட இருந்தவங்க எடுத்து நடத்துறாங்க, விம் நின்னு போகல. விஎஸ் கோடு இன்னைக்கு அருமையா இருக்கு, ஆனா அதோட சில முக்கியமான எக்ஸ்டென்ஷன், அதாவது கூடுதலா சேர்த்துக்கிற வசதிகள் (பைலான்ஸ், ரிமோட் எஸ்எஸ்ஹெச்) மைக்ரோசாஃப்டோட லைசென்ஸ்ல இருக்கு, நாளைக்கு அவங்க என்ன முடிவு பண்ணுவாங்கன்னு நம்ம கையில இல்ல. விம் கீ அப்படி இல்ல, விஎஸ் கோடுல எக்ஸ்டென்ஷனா இருக்கு, ஜெட்பிரெயின்ஸ் எடிட்டர்கள்ல இருக்கு, ஈமேக்ஸ்ல ஈவில்னு இருக்கு, கட்டளை அடிக்கிற பேஷ்ல கூட ஆன் பண்ணலாம். ராத்திரி ரெண்டு மணிக்கு சர்வர்ல ஒரு கான்ஃபிக் ஃபைலைத் திருத்தணும்னா அங்க பெரும்பாலும் வீஐ தான் இருக்கும்.

கட்டளை அடிக்கிற டெர்மினல் விண்டோல விம்டியூட்டர் (vimtutor)னு அடிங்க, அரை மணி நேரப் பாடம். அதை நாலஞ்சு தடவை பண்ணிட்டு அப்புறம் விஎஸ் கோடுல எக்ஸ்டென்ஷனைப் போடுங்க. ரிலீஸ் இருக்கிற வாரத்துல மட்டும் ஆரம்பிக்காதீங்க.

ஈமேக்ஸ்காரரையும் லேசா நினைக்காதீங்க. அங்க நீங்க அழுத்துற ஒவ்வொரு கீயும் லிஸ்ப் மொழியில ஒரு ஃபங்ஷன், எந்தக் கீ எந்த ஃபங்ஷன்னு அதுகிட்டயே கேட்டு, சோர்ஸைத் திறந்து, அங்கேயே மாத்தி, ரீஸ்டார்ட் பண்ணாம ஓட்டலாம். இப்படி முழுசாத் திறந்து காட்டுற வேற எடிட்டரை நான் பாத்ததில்ல. தன்னோட கருவியைத் தானே செதுக்கணும்னு ஆசை வர்றப்போ அங்க போங்க, அவசரம் இல்ல. போனா கேப்ஸ் லாக்கை கண்ட்ரோலா மாத்திடுங்க, அங்க கண்ட்ரோல் கீ அடிக்கடி வேணும், சுண்டுவிரல் தப்பிக்கும்.

உங்க ஸ்பெல்செக்கருக்கு டெர்மினல் விம் வேணாம். நிறைய டெர்மினல்ல கொ, கோ எல்லாம் உடைஞ்சு கொம்பும் காலும் தனித்தனியா நிக்கும், எது பிழை எது டெர்மினல் கோளாறுன்னே தெரியாது. விஎஸ் கோடு தமிழை ஒழுங்கா காட்டும், விண்டோவா திறக்கிற ஈமேக்ஸும் காட்டும். ஆனா ஒழுங்கா காட்டுறதுலயும் ஒரு சிக்கல் இருக்கு. கொ ல வர்ற அந்தக் குறியை ஒரே யூனிகோடு எண்ணாவும் எழுதலாம், கொம்பு ஒண்ணு கால் ஒண்ணுன்னு ரெண்டு எண்ணாவும் எழுதலாம், திரையில ரெண்டும் ஒரே மாதிரி இருக்கும், உங்க புரோகிராமுக்கு ரெண்டும் வேற வேற வார்த்தை. விம்ல ஜி ஏ அடிச்சா கர்சர் நிக்கிற இடத்துல எந்த எண் இருக்குன்னு காட்டும், சந்தேகம் வந்தா அதுக்கு மட்டும் அங்க போங்க. வார்த்தைப் பட்டியலை லோடு பண்றப்பவும் யூசர் டைப் பண்றதை வாங்குறப்பவும் பைத்தானோட யூனிகோட்டேட்டா மாட்யூல்ல என்எஃப்சி (ரெண்டையும் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவர்ற முறை) போட்டு நார்மலைஸ் பண்ணிடுங்க. எடிட்டர் முடிவு பண்றதுக்கு முன்னாடியே இதைச் செஞ்சிடுங்க.