ஏற்காட்டுக்கு சைக்கிளில்: எந்த சைக்கிள், எந்தப் பாதை, எத்தனை மணிக்கு?

கேள்வி: சேலம் அம்மாப்பேட்டையில் இருக்கிறேன். வயது 41. தினமும் காலையில் 20 கிலோமீட்டர் சைக்கிள் ஓட்டுவேன், எல்லாம் சமதளம்தான். என்னிடம் இருப்பது 21 கியர் எம்.டி.பி. (கரடுமுரடான பாதைக்கான தடித்த டயர் சைக்கிள்). முதுமலை தேசியப் பூங்கா வழியாக ஊட்டிக்கு சைக்கிளில் போக ஆசை. அதற்கு முன்னோட்டமாக ஏற்காட்டுக்கு இரண்டு நாள் பயணம் போகலாமா? ரோடு பைக் (மெல்லிய டயர் வைத்த வேக சைக்கிள்) இல்லாமல் மலை ஏற முடியாது என்கிறார் நண்பர். எப்படித் திட்டமிடுவது?

பதில்: முதலில் நண்பர் சொன்னதைப் பார்த்துவிடுவோம். மலை ஏறுவதற்கு சைக்கிளின் விலை முக்கியமில்லை, சங்கிலி ஓடும் பல்சக்கரங்களின் பல் எண்ணிக்கைதான் முக்கியம். உங்கள் வகை சைக்கிள்களில் பெரும்பாலும் முன்னால் இருக்கும் சின்னப் பல்சக்கரத்துக்கு 24 பல், பின்னால் இருக்கும் பெரியதற்கு 28 பல் இருக்கும். அப்படியானால் ஒரு மிதிக்குச் சக்கரம் முக்கால் சுற்றுக்குக் கொஞ்சம் கூடுதலாகச் சுற்றும். வண்டி ஒன்றே முக்கால் மீட்டர் நகரும். நண்பர் சொல்லும் ரோடு பைக்கில் வழக்கமாக முன்னால் 34, பின்னால் 28. அதில் ஒரு மிதிக்கு இரண்டரை மீட்டர். சமதளத்தில் அது வேகம். மேட்டில் அத்தனையும் முழங்காலுக்குத்தான் வேலை. கையில் இருக்கும் சைக்கிளே போதும். டயரை மட்டும் மாற்றுங்கள். முள் முள்ளாக இருக்கும் எம்.டி.பி. டயர் தார்ச்சாலையில் உறுமிக்கொண்டே உங்கள் தெம்பில் ஒரு பங்கைத் தின்றுவிடும். ஒன்றரை அங்குல அகலத்தில் வழவழப்பான டயர் போட்டால் அடுத்த மிதியிலேயே வித்தியாசம் தெரியும்.

இனி கணக்கு. சேலம் கடல் மட்டத்திலிருந்து 300 மீட்டருக்கும் குறைவான உயரத்தில் இருக்கிறது. அஸ்தம்பட்டி, கோரிமேடு வழியாக அடிவாரம் வரை பெரிய சிரமம் இல்லை. அங்கிருந்து ஏறக்குறைய 20 கிலோமீட்டரில் ஆயிரம் மீட்டர் ஏற வேண்டும், இருபது கொண்டை ஊசி வளைவுகளோடு. சராசரியாக நூறு மீட்டருக்கு ஐந்து மீட்டர் ஏற்றம். இது ஏறக்கூடிய சரிவுதான். மணிக்கு ஏழெட்டு கிலோமீட்டர் வேகத்தில் போனால் இரண்டரை மணி நேரம், நின்று நின்று போனால் மூன்றரை. முதல் ஐந்து வளைவுகளை 'இவ்வளவுதானா' என்று தோன்றும்படி ஓட்டுங்கள். பக்கத்தில் யாராவது வந்தால் முழு வாக்கியமாகப் பேச முடிய வேண்டும்; மூச்சு வாங்கி வார்த்தை வார்த்தையாக வந்தால் கியரைக் குறையுங்கள், குறைக்க வழியில்லை என்றால் இறங்கித் தள்ளுங்கள். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

வளைவில் உள்பக்கம் ஒட்டி ஏறாதீர்கள். கொண்டை ஊசியின் உள்விளிம்பில்தான் சரிவு மிக அதிகம். இரண்டு மூன்று மீட்டர் தள்ளி ஓட்டினால் பாதி சுலபம். ஆனால் அங்கேதான் பஸ்காரர் முழுச் சாலையையும் எடுத்துத் திரும்புவார். பஸ் சத்தம் கேட்டால் வளைவுக்கு முன்பே ஓரம் கட்டி நின்று, அது போன பிறகு ஏறுங்கள்.

விடிவதற்கு முன் வீட்டிலிருந்து கிளம்பி, வெளிச்சம் வரும்போது அடிவாரத்தில் இருக்க வேண்டும். மார்ச் முதல் ஜூன் வரை ஒன்பது மணிக்கு மேல் கீழ் வளைவுகளில் வெயில் பிடித்துவிடும். சனி, ஞாயிறு வேண்டாம். மே மாதத்தில் கோடை விழா, சேர்வராயன் கோயில் திருவிழா என்று மலை நிரம்பி வழியும். அந்த மாதத்தையே விட்டுவிடலாம். அக்டோபர் முதல் டிசம்பர் வரை மழைச் செய்தியைப் பார்த்துவிட்டுத்தான் கிளம்ப வேண்டும். 2024 டிசம்பரில் ஃபெஞ்சல் புயல் மழையில் இந்தப் பாதையில் மண் சரிந்து போக்குவரத்தே நின்றுபோனது. என்னைக் கேட்டால் ஜனவரி, பிப்ரவரி சரியான காலம். மார்ச், ஏப்ரலில் ஒரு கோடை மழை பெய்த பிறகு காப்பித் தோட்டங்கள் பூத்திருக்கும். அந்த வாசனைக்காக வெயிலைப் பொறுத்துக்கொள்கிறேன் என்பவர்களும் உண்டு.

வழியில் கடை இருக்கும் என்று நம்பிக் கிளம்பாதீர்கள். இரண்டு லிட்டர் தண்ணீர், அதில் ஒரு பாட்டிலில் உப்பும் எலுமிச்சையும். வாழைப்பழம், கடலை மிட்டாய் போதும். ஆனால் பழத்தை ஹேண்டில்பாரில் பாலிதீன் பையில் தொங்கவிடாதீர்கள். பாதை நெடுகக் குரங்குகள். காரில் போகிறவர்கள் எறிந்து எறிந்து பழக்கிவிட்டார்கள். மணிக்கு ஏழு கிலோமீட்டரில் போகிற நீங்கள் அவற்றிடமிருந்து தப்ப முடியாது. சாப்பாடு ஜிப் வைத்த பைக்குள் இருக்கட்டும். மொத்தச் சுமை ஐந்து கிலோவுக்குள் நின்றால் நல்லது: மாற்று உடை, ஒரு டியூப், பஞ்சர் ஒட்டும் சாமான், பம்ப், பின்பக்கச் சிவப்பு விளக்கு. மேலே பனிமூட்டம் பகலிலும் வரும், விளக்கை மறக்காதீர்கள்.

முதல் நாள் மேலே போனதும் குளித்துச் சாப்பிட்டுத் தூங்குங்கள். மாலையில் ஏரிக்கரை, அவ்வளவு போதும். இரண்டாம் நாள் காலையைச் சுற்றுச்சாலைக்கு வையுங்கள். ஊரிலிருந்து கிளம்பி நாகலூர் பக்கம் போய்த் திரும்ப ஊருக்கே வரும் 32 கிலோமீட்டர். இந்தப் பயணத்தின் அழகெல்லாம் அங்கேதான் இருக்கிறது: சில்வர் ஓக் நிழல், அதில் ஏறிய மிளகுக் கொடி, கீழே காப்பி. பலர் மலையேறிய களைப்பில் இதை விட்டுவிட்டு மறுநாள் காலையிலேயே இறங்கிவிடுகிறார்கள். அதற்கு பஸ்ஸிலேயே வந்திருக்கலாம்.

ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலை, முதுமலை போலத் தேசியப் பூங்கா இல்லை. பொதுச் சாலையில் ஓட்டத் தனி அனுமதி வேண்டாம். ஆனால் சாலையின் இருபுறமும் காப்புக்காடு நிறைய உண்டு. மண்பாதை தெரிகிறதே என்று உள்ளே திரும்பினால் அது வனச் சட்டப்படி அத்துமீறல். காட்டு மாடுகளும் உண்டு. சைக்கிளுக்குச் சத்தம் கிடையாது என்பதால், கிட்டத்தில் போன பிறகுதான் மாட்டுக்கு நீங்கள் வருவதே தெரியும், மிரண்டால் பாயும். கண்ணில் பட்டதும் தொலைவிலேயே நின்று, அது கடந்து போகும்வரை காத்திருங்கள். போட்டோ வேண்டாம்.

இறக்கத்துக்குத்தான் சைக்கிளைத் தயார் செய்ய வேண்டும். கிளம்புவதற்கு முந்தைய வாரமே பிரேக் கட்டைகளைப் பாருங்கள். அதிலுள்ள கோடுகள் தேய்ந்து மழமழவென்று ஆகியிருந்தால் நான்கையும் மாற்றுங்கள். நூல் பிரிந்த கேபிளையும் சேர்த்து. இறங்கும்போது பிரேக்கைப் பிடித்தபடியே வரக்கூடாது. வளைவுக்கு முன்பே இரண்டையும் அழுத்தி வேகத்தைக் குறைத்து, விட்டு, பிறகு திரும்புங்கள். தொடர்ந்து தேய்த்தால் ரிம் கொதிக்கும், டியூப் வெடிக்கவும் செய்யும். நாலு வளைவுக்கு ஒருமுறை நின்று ரிம் அருகே கையைக் கொண்டு போங்கள், தொட வேண்டாம். அனல் அடித்தால் ஐந்து நிமிடம் இளைப்பாறலாம். ஈரத்தில் முதல் ஒன்றிரண்டு சுற்றுக்குக் கட்டை பிடிக்காது. வேர்வை உடம்போடு இறங்கினால் நெஞ்சு குளிர்ந்துவிடும். சட்டைக்குள் ஒரு பழைய தினத்தாளைச் செருகிக்கொள்ளுங்கள்.

கொட்டச்சேடு, குப்பனூர் வழியாக இறங்கினால் வலசையூர், அயோத்தியாப்பட்டணம் என்று அம்மாப்பேட்டைக்கு அது வீட்டுப் பக்கம்தான். ஆசை வரும். ஆனால் அந்தப் பாதை செங்குத்து, அகலமும் குறைவு. முதல் முறை ஏறிய வழியிலேயே இறங்குங்கள்.

சரி, முதுமலை. அங்கே யானையும் புலியும் உண்டு. யானை நடமாடும் காட்டுச்சாலையில் சைக்கிள் ஓட்டச் சொல்ல எனக்கு மனம் வராது. மசினகுடியிலிருந்து ஊட்டிக்கு ஏறும் கல்லட்டிப் பாதையில் 36 கொண்டை ஊசிகள், சரிவு ஏற்காட்டைவிட மிகக் கடுமை. புலிகள் காப்பகப் பகுதியை வண்டியில் சைக்கிளை ஏற்றிக் கடந்துவிட்டு, கூடலூரிலிருந்து நடுவட்டம், பைக்காரா வழியாக ஊட்டிக்கு ஏறுங்கள். ஏற்காட்டில் சுற்றுச்சாலையையும் முடித்துவிட்டு மறுநாள் வேலைக்குப் போக முடிந்தால், அந்த ஏற்றத்துக்கு நீங்கள் தயார்.