பிள்ளைப்பேற்றுக்குப் பின் வயிற்றுக் கோடுகள்: சித்த வைத்தியர் பதில் சொல்கிறார்

கேள்வி (கொக்குவில், மூன்று மாதக் குழந்தையின் தாய்): வயிறெல்லாம் சிவப்பும் ஊதாவுமாகக் கோடுகள். எந்த எண்ணெய் பூசினால் முற்றாக மறையும்?

பதில்: முற்றாக மறைக்கிற எண்ணெய் இல்லை, தங்கச்சி. கோடு விழுவது மேல்தோலில் அல்ல, அதற்குக் கீழே அடித்தோலில். தோலுக்கு உறுதி தரும் கொலாஜன் நாரும், இழுபட்ட தோலைப் பழையபடி சுருங்க வைக்கும் எலாஸ்டின் நாரும், வயிறு விரைவாகப் பெருக்கும்போது அங்கே குலைந்து போகின்றன. கர்ப்பகால ஓமோன்களும் அவற்றைத் தளர்த்துகின்றன. வெளியே பூசுவது அந்த ஆழத்துக்குப் போய் நாரைச் சேர்த்துவிடாது.

உங்கள் கோடு இன்னும் சிவப்பாக இருக்கிறது. அது புதுக் கோடு, மாதங்கள் போகப் போகத் தானாகவே வெளிறும். அதுவரை தோலை வறள விடாதீர்கள். நல்லெண்ணெயோ தேங்காயெண்ணெயோ இளஞ்சூட்டில் எடுத்து, குளிக்க முன் உள்ளங்கையால் வட்டமாகத் தடவுங்கள், அழுத்த வேண்டாம். குளித்தபின் ஈரம் காய முன்னர் இன்னும் கொஞ்சம். நம் யாழ்ப்பாணத்துக் கிணற்றுத் தண்ணீர் சுண்ணாம்புக் கல்லுக்குள்ளால் ஊறி வருவது, சவர்க்காரமும் சேர்ந்தால் தோல் இன்னும் வறளும். வயிற்றுக்குச் சவர்க்காரத்தை விட்டுப் பயத்தம் மா தேய்த்துக் குளியுங்கள்.

கேள்வி (சாவகச்சேரி): தேசிக்காய்ச் சாறும் மஞ்சளும் பூசி இளவெயிலில் நின்றால் கோடு வெளிறும் என்று யூடியூப்பில் சொல்கிறார்களே?

பதில்: தயவுசெய்து வேண்டாம். தேசிப்புளி தோலில் இருக்க வெயில் பட்டால் தோல் வெந்து கொப்பளிக்கும், பிறகு அந்த இடம் கறுத்துப்போய் மாதக்கணக்கில் நிற்கும். என்னிடம் வந்த ஒரு தாய்க்கு, வயிற்றில் பூசிய சாறு விலாப் பக்கமாக வழிந்த பாதை அப்படியே கபில நிறக் கீறுகளாகப் பதிந்திருந்தது. கோட்டைப் போக்கப் போய் புதுக் கோடு வாங்கிக்கொண்டா.

கேள்வி (மானிப்பாய்): சிசேரியன் காயத்துக்கு மேலும் எண்ணெய் தடவலாமா?

பதில்: காயம் முழுதாக மூடி, கிளினிக்கில் பார்த்துச் சரி என்று சொல்லும் வரை எதுவும் பூச வேண்டாம். சீழ், சூடு, காய்ச்சல் இருந்தால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

கேள்வி (உரும்பிராய்): வல்லாரை நல்லது என்கிறார்களே, உண்மையா?

பதில்: எனக்குப் பிடித்த கேள்வி. வல்லாரைச் சத்துச் சேர்ந்த கிரீம் ஒன்றைக் கர்ப்பிணிகளுக்குக் கொடுத்துப் பார்த்த ஆய்வு 1991இல் வந்தது. பூசியவர்களில் கோடு விழுந்தவர்கள் குறைவு. ஆனால் அது சிறிய ஆய்வு, கிரீமில் விற்றமின் ஈ போன்ற வேறு பொருட்களும் இருந்தன. 2012இல், மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் கொக்ரேன் குழு அதுவரை வந்த ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து, கோடு வராமல் தடுக்கும் என்று தரமான ஆதாரத்தோடு சொல்லக்கூடிய பூச்சு எதுவும் இல்லை என்றே முடித்தது. நான் வல்லாரைத் தைலம் கொடுப்பது தோல் மிருதுவாகும், அரிப்பு அடங்கும் என்பதற்காக. கோட்டை அழிக்கும் என்று சொல்லிக் கொடுப்பதில்லை.

வீட்டிலேயே காய்ச்சலாம். திருநெல்வேலிச் சந்தையில் வாங்கும் கீரையை மண் போக நாலைந்து தரம் கழுவுங்கள். தேங்காயெண்ணெய் ஒரு பங்குக்குச் சாறு நான்கு பங்கு. மெல்லிய நெருப்பில் வைத்து, சடசடப்பு நின்று, அடியில் நிற்கும் வண்டலை விரலில் உருட்டினால் திரி போல வரும்போது இறக்குங்கள். அந்தப் பதத்துக்கு முன் இறக்கினால் ஈரம் நின்று தைலம் பழுதாகிவிடும். முதலில் முழங்கையின் உட்பக்கம் ஒரு சொட்டுத் தடவி ஒரு நாள் பொறுத்துப் பாருங்கள்.

கேள்வி (கோண்டாவில்): பாதாம் எண்ணெய்?

பதில்: பூசலாம். விலைதான் கூட, பலன் நல்லெண்ணெயைப் போலத்தான்.

கேள்வி (நல்லூர், பேரப்பிள்ளைகளைக் கண்ட அம்மா): சொறிவதால்தான் கோடு விழுகிறது. எங்கட காலத்தில் சொறிய விடமாட்டினம். எனக்கு ஒரு கோடும் இல்லை.

இடையில் (சுன்னாகம், தாதி): அம்மா, நான் ஒரு நாளும் சொறியவில்லை, எனக்கு வந்தது. அது பரம்பரை.

நல்லூர் அம்மா: பரம்பரை என்றால் எனக்கு இல்லாதது என் மகளுக்கு எப்படி வந்தது?

பதில்: இரண்டு பேரிடமும் விஷயம் இருக்கிறது. பழைய ஆயுர்வேத நூலான சரக சங்கிதையில், உடலைப் பற்றிய பகுதியான சாரீரத்தானத்தின் எட்டாம் அத்தியாயத்தைப் பாருங்கள். ஏழாம் மாதத்தில் வரும் எரிவுக்குக் காரணம் குழந்தைக்கு முடி முளைப்பதுதான் என்று பெண்கள் சொல்கிறார்கள் என்று எழுதிவிட்டு, அந்த நூலில் பாடம் சொல்லும் முனிவர் ஆத்திரேயர் அதை மறுக்கிறார். கரு அழுத்துவதால் வாதம், பித்தம், கபம் மார்பை அடைந்து எரிவை உண்டாக்குகின்றன, எரிவிலிருந்து அரிப்பு, அரிப்பிலிருந்து கிக்கிசம். கிக்கிசம் என்பதை இந்தக் கோடுகளாகவே வைத்தியர்கள் கொள்கிறார்கள். சந்தனமும் தாமரைத் தண்டும் அரைத்துப் பூசு, சொறியாதே என்பதும் அங்கேயே இருக்கிறது. ஆகவே அம்மாவின் பேச்சுக்கு நூல் பலம் உண்டு.

ஆனால் சொறியாத வயிற்றிலும் கோடு விழுவதைத் தினமும் பார்க்கிறேன். தோல் இழுபடும்போது கோடும் வரும், அரிப்பும் வரும். சொறிந்தால் தோல் புண்ணாகும், அதனால் அந்த அறிவுரை இன்றைக்கும் சரி. பரம்பரை என்பது தாய்வழி மட்டுமல்ல, அம்மா, தகப்பன் வழியாலும் வரும். இளவயதில் கர்ப்பம், நிறை கூடுவது, பெரிய குழந்தை இவையும் சேரும். உங்கள் மகள் எதையும் கவனிக்காமல் விட்டதால் வந்தது என்று மட்டும் அவவிடம் சொல்லிவிடாதீர்கள்.

கேள்வி (வட்டுக்கோட்டை): எந்த எண்ணெய் நல்லது?

பதில்: முதல் பதிலில் இருக்கிறது.

கேள்வி (பருத்தித்துறை): வெள்ளையாக்கும் கிரீம் பூசினேன், கோடு கூடின மாதிரி இருக்கிறது.

பதில்: இன்றே நிறுத்துங்கள். பெட்டியில் பெயர் போடாமல் ஸ்டீரொயிட் கலந்த கிரீம்கள் விற்பனையில் உண்டு. ஸ்டீரொயிட் தோலை மெல்லியதாக்கித் தானே கோட்டை உண்டாக்கும். சிலவற்றில் பாதரசமும் இருக்கும், பால் கொடுக்கும் தாய்க்கு அது ஆகவே ஆகாது. டியூப்பையும் எடுத்துக்கொண்டு தோல் வைத்தியரிடம் போங்கள்.

கேள்வி (இணுவில்): எட்டு வருடப் பழைய வெள்ளைக் கோடு. எண்ணெயும் தேசிக்காயும்?

பதில்: தேசிக்காய் வேண்டாம் என்று மேலே சொன்னேன், திரும்பவும் சொல்கிறேன். வெள்ளைக் கோட்டுக்கு என்னிடம் மருந்து இல்லை. லேசர் போன்றவற்றால் ஓரளவு மங்கலாம், தோல் வைத்தியரைக் கேளுங்கள்.

கேள்வி (அச்சுவேலி, எட்டு மாதக் கர்ப்பிணி): எனக்கும் அரிப்புத்தான், ஆனால் உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும். இரவில் நித்திரை இல்லை. தடிப்பு ஒன்றும் இல்லை. எந்த எண்ணெய் பூச?

பதில்: எண்ணெயை விடுங்கள், தங்கச்சி. இது தோல் இழுபடும் அரிப்பாகத் தெரியவில்லை. ஈரலில் பித்தநீர் ஓட்டம் மந்தமாகி, பித்த அமிலம் இரத்தத்தில் கூடினால் இப்படித்தான் அரிக்கும். அது வயிற்றுப் பிள்ளைக்கு ஆபத்தாகலாம். அடுத்த கிளினிக் திகதிக்குக் காத்திருக்காமல் இன்றே மகப்பேற்றுப் பிரிவுக்குப் போய், இங்கே எழுதியதை அப்படியே சொல்லுங்கள். இரத்தம் எடுத்து ஈரலையும் பித்த அமிலத்தையும் பார்ப்பார்கள். பிள்ளையின் துடிப்புக் குறைந்தால் அதையும் மறைக்காமல் சொல்லுங்கள். போய்விட்டு வந்து, என்ன சொன்னார்கள் என்று எனக்கு எழுதுங்கள்.