கேளுங்க சொல்றேன்: அமெரிக்க உள்நாட்டுப் போர் ஸ்பெஷல்

போன இதழ்ல லிங்கன் பத்தி ஒரு சின்ன பதில் எழுதினேன், அதுல கெட்டிஸ்பர்க்னு ஒரு பேர் வந்துச்சு. அதைப் பிடிச்சிக்கிட்டு குன்னூர், கோத்தகிரி, கூடலூர்னு நம்ம நீலகிரி முழுக்க இருந்து கேள்வியா வந்து குவிஞ்சிருக்கு, அந்தப் பக்கம் கொடைக்கானல்ல இருந்தும் ஒரு காலேஜ் தம்பி எழுதியிருக்காரு. அதனால இந்த இதழ் முழுக்க அந்த ஒரு போர்தான், அமெரிக்காவுல இருந்து பிரிஞ்சு போன தெற்கு மாநிலங்களுக்கும் ஜனாதிபதி லிங்கனோட வடக்குத் தரப்புக்கும் நடந்தது.

கேள்வி: கெட்டிஸ்பர்க் சண்டையில 51,000 பேர் செத்தாங்கன்னு வாட்ஸ்அப்ல வந்துச்சு சார். அதுதான் அந்தப் போர்லயே ரொம்ப ரத்தம் சிந்தின சண்டையா? (குன்னூர் வாசகர்)

51,000ங்கிற நம்பர் சரி, செத்தாங்கங்கிறதுதான் தப்பு. செத்தவங்க, காயம் பட்டவங்க, கைதி ஆனவங்க, ஆளே காணாமப் போனவங்க எல்லாத்தையும் ஒண்ணாக் கூட்டினாதான் அந்தக் கணக்கு வரும். களத்துலயே செத்தவங்க 7,000 பேருக்குக் கொஞ்சம் மேல. அது மட்டும் என்ன சின்ன நம்பரா? 1863 ஜூலை 1, 2, 3 மூணே நாள், அந்த ஊரோட மொத்த ஜனத்தொகையே சுமார் 2,400 பேர்தான். ராணுவம் கிளம்பிப் போனப்புறம் ஜூலை வெயில்ல அத்தனை பொணத்தையும் செத்த குதிரைகளையும் வச்சிக்கிட்டு, வீடு வீடா சர்ச் சர்ச்சா படுத்துக் கிடந்த ஆயிரக்கணக்கான காயக்காரங்களையும் பாத்துக்கிட்டு அந்த ஊர் ஜனங்க என்ன பாடு பட்டிருப்பாங்கன்னு யோசிச்சுப் பாருங்க.

மொத்தக் கணக்குல கெட்டிஸ்பர்க்தான் முதல். ரெண்டாவது, அதே வருஷம் செப்டம்பர்ல நடந்த சிக்கமாகா, ரெண்டு தரப்பும் சேர்த்து 34,000க்கு மேல. ஆனா ஒரே நாள் கணக்குன்னு எடுத்தா ஆன்டீட்டம்தான், 1862 செப்டம்பர் 17, மேரிலாந்து மாநிலத்துல ஷார்ப்ஸ்பர்க்னு ஒரு சின்ன ஊர் பக்கத்துல. விடியக்காலைல ஆரம்பிச்சு பொழுது சாயறதுக்குள்ள சுமார் 23,000 பேருக்கு சாவு, காயம், இல்ல காணோம். அதுல 3,600 பேருக்கு மேல அன்னைக்கே செத்தவங்க. அமெரிக்க வரலாற்றுல ஒரே நாள்ல நடந்த சண்டைகள்ல இன்னைக்கு வரைக்கும் இதைவிடக் கொடூரமானது இல்லைன்னு சொல்றாங்க.

அந்த ஊர்ல வண்டி போய்ப் போய்த் தேஞ்சு பள்ளமான மண் ரோடு ஒண்ணு இருந்துச்சு, தெற்குப் படைக்காரங்க அதுக்குள்ள இறங்கி அதையே பதுங்குகுழியா வச்சிக்கிட்டு சுட்டாங்க. வடக்குப் படை அலை அலையா வந்து விழுந்துச்சு, கடைசில அந்தப் பள்ளத்துக்குப் பக்கவாட்டுல இடம் பிடிச்சு நீளவாக்குல சுட ஆரம்பிச்சதும் உள்ள இருந்தவங்களுக்கு ஓடக்கூட வழியில்ல. அந்த ஒரு ரோட்டுக்காக சுமார் மூணு மணி நேரத்துல ரெண்டு பக்கமும் 5,000 பேருக்கு மேல விழுந்தாங்க. அதுக்கப்புறம் எடுத்த போட்டோ இன்னமும் இருக்கு, பள்ளத்துக்குள்ள பொணம் ஒண்ணு மேல ஒண்ணா கிடக்கும். அலெக்சாண்டர் கார்ட்னர் ஆன்டீட்டம்ல எடுத்த போட்டோக்களை ஒரே மாசத்துல நியூயார்க்ல மாத்யூ பிராடியோட கேலரில வச்சாங்க, போர்னா என்னன்னு ஊர்ல இருந்த ஜனங்க கண்ணால பாத்தது அப்பதான்.

கேள்வி: அந்தக் காலத்துல மெஷின் கன் கிடையாது, விமானம் கிடையாது. அப்புறம் எப்படி சார் இத்தனை பேர் செத்தாங்க? நான் அருவங்காடு கார்டைட் ஃபேக்டரில வேலை பாத்து ரிட்டயர் ஆனவன், மருந்து விஷயம் கொஞ்சம் தெரியும். (அருவங்காடு வாசகர்)

உங்களுக்கு பதில் எழுதறது சந்தோஷமா இருக்கு அய்யா, ஏன்னா நீங்க செஞ்ச மருந்து புகை வராத மருந்து, அதெல்லாம் இந்தப் போர் முடிஞ்சு 20 வருஷத்துக்கு மேல ஆனப்புறம் வந்தது. இவங்ககிட்ட இருந்தது பழைய கருமருந்துதான், வெடியுப்பு, கந்தகம், கரி. ஆயிரம் பேர் ஒண்ணா சுட்டா அப்படியே வெள்ளைப் புகை கவிஞ்சிடும், எதிர்ல நிக்கிறவன் யாருன்னே தெரியாது, தன் ஆளையே சுட்டதும் நடந்திருக்கு. ஸ்டோன்வால் ஜாக்சன்னு தெற்குப் படையோட பெரிய தளபதி, 1863 மே மாசம் சான்சலர்ஸ்வில்ல ராத்திரி இருட்டுல தன் சொந்தப் படை சுட்ட குண்டுல அடிபட்டு, கைய எடுத்து, எட்டு நாள்ல செத்துப் போனாரு.

மருந்தும் குண்டும் பேப்பர் பொட்டலமா வரும், அதைப் பல்லால கடிச்சுக் கிழிச்சு துப்பாக்கில கொட்டணும். முன்பல் இல்லாதவனை காலாட்படைல சேத்துக்கவே மாட்டாங்க. 1857ல நம்ம ஊர்ல சிப்பாய்ங்க கடிக்க மாட்டோம்னு சொன்னாங்களே, அந்த என்ஃபீல்ட் துப்பாக்கியேதான் லட்சக்கணக்குல இங்கிலாந்துல இருந்து அங்க போச்சு, ரெண்டு தரப்பும் வாங்கினாங்க. இன்னொண்ணு, வடக்குப் படையோட வெடியுப்பு இந்தியாவுல இருந்து போன சரக்கு. 1861 கடைசில லண்டன்ல அதை மொத்தமா வாங்கப் போனப்ப பிரிட்டனுக்கும் அமெரிக்காவுக்கும் ஒரு கப்பல் தகராறு வந்து பிரிட்டன் சரக்கை நிறுத்தி வச்சிடுச்சு, தகராறு தீர்ந்தப்புறம்தான் விட்டாங்க.

இப்ப உங்க கேள்விக்கு வர்றேன். பழைய துப்பாக்கியோட குழாய் உள்ள வழுவழுன்னு இருக்கும், 100 கஜம் தாண்டினா குறி தவறும். இந்தப் புதுசுக்குள்ள சுருளா வரி வெட்டியிருந்தாங்க, குண்டு சுத்திக்கிட்டே போறதால 300 கஜம் தாண்டியும் ஆளை அடிக்கலாம். ஆனா தளபதிங்க படிச்ச பாடம் நெப்போலியன் காலத்துப் பாடம், தோளோட தோள் ஒட்டி வரிசையா நின்னு நடந்து போகணும்னு. அதோட அந்த மெத்து ஈயக் குண்டு உடம்புக்குள்ள போனா தட்டையாகி எலும்பைத் தூள் தூளாக்கிடும், டாக்டருக்கு கை காலை எடுக்கறதைத் தவிர வேற வழி தெரியாது. மயக்க மருந்து இருந்துச்சு, குளோரோஃபார்ம் குடுத்துதான் பெரும்பாலும் வெட்டினாங்க, ஆனா கையக் கழுவணும் கத்தியக் கழுவணும்கிற அறிவு அந்த டாக்டருங்களுக்கு அப்ப வரல.

கேள்வி: நான் 24 வருஷம் ராணுவத்துல இருந்தவன். அந்தப் போர்ல மன்னிக்கவே முடியாத உத்தரவுன்னா எதைச் சொல்வீங்க? (வெலிங்டன் வாசகர்)

ஃபிரெடெரிக்ஸ்பர்க், 1862 டிசம்பர் 13. வடக்குப் படைத் தளபதி பர்ன்சைடு. ஊருக்குப் பின்னாடி ஒரு மேடு, மேட்டுக்குக் கீழ ஒரு கல் சுவர், சுவருக்குப் பின்னாடி தெற்குப் படை வரிசை வரிசையா நின்னு ஒருத்தன் சுட்டதும் அடுத்தவன் துப்பாக்கிய நீட்டறான். நம்ம பக்கம் கவாத்து பண்ணின தேயிலைத் தோட்டத்துல கீழ இருந்து ஒரு ஆள் ஏறி வந்தா மேல ரோட்டுல நிக்கிறவனுக்கு எப்படித் தெரியும், அப்படி மறைவே இல்லாத திறந்த வெளி. அதுல ஒரு படைப்பிரிவு விழுந்ததும் அடுத்தது, அது விழுந்ததும் அடுத்ததுன்னு சாயந்திரம் வரைக்கும் அனுப்பிக்கிட்டே இருந்தாரு. ஒருத்தன்கூட அந்தச் சுவரைத் தொடல. அந்தச் சண்டை முழுசுக்கும் வடக்குக்கு மொத்த இழப்பு சுமார் 12,600, தெற்குக்கு அதுல பாதிகூட இல்ல. காயம் பட்டவங்க ராத்திரி முழுக்க டிசம்பர் குளிர்ல அங்கேயே கிடந்தாங்க. முதல் அலை போனப்பவே இது நடக்காதுன்னு தெரிஞ்சிடுச்சு, அப்புறமும் அனுப்பினதைத்தான் என்னால ஏத்துக்க முடியல.

கெட்டிஸ்பர்க் மூணாவது நாள் தெற்குப் படைத் தளபதி லீ சுமார் 12,500 பேரை திறந்தவெளில முக்கால் மைல் நடக்க விட்டாரே, அதுவும் இதே தப்புதான், போனவங்கள்ல பாதிப் பேர் சாவு, காயம், இல்ல கைதி. திரும்பி வந்தவங்ககிட்ட எல்லாம் என் தப்புன்னு லீ சொன்னாராம். 1864 ஜூன் 3, கோல்ட் ஹார்பர்ல வடக்குப் படைத் தளபதி கிராண்ட் குடுத்த உத்தரவும் அப்படித்தான், அதுக்காக வருத்தப்பட்டு தன் சுயசரிதையிலயே எழுதியிருக்காரு. அந்தத் தாக்குதலுக்கு முந்தின ராத்திரி வீரர்கள் கோட்டைக் கழட்டி என்னமோ தைச்சிக்கிட்டு இருந்தாங்க, கிழிசல் தைக்கிறாங்கன்னு நினைச்சு கிட்டப் போய்ப் பாத்தா, தன் பேரையும் ஊர் அட்ரஸையும் ஒரு துண்டு பேப்பர்ல எழுதி கோட்டு முதுகுல குத்திக்கிட்டு இருந்தாங்க, செத்தா பொணத்தை அடையாளம் தெரியணுமேன்னு. கிராண்ட்டோட ஸ்டாஃப்ல இருந்த அதிகாரி எழுதி வச்சது இது. நீங்க ராணுவத்துல இருந்தவரு, கழுத்துல கட்டுற அடையாளத் தகடோட அருமை உங்களுக்குத் தெரியும், அது அவங்களுக்குக் கிடையாது.

கேள்வி: அங்க காட்டுத்தீல வெந்து செத்தவங்களும் உண்டாமே? (கோத்தகிரி வாசகி)

உண்டும்மா. 1864 மே மாசம், வர்ஜீனியால வில்டர்னெஸ்னு சொல்ற புதர்க்காடு. அடர்த்தின்னா அப்படி ஒரு அடர்த்தி, பத்தடி தள்ளி நிக்கிறவன் தெரியமாட்டான். முந்தின வருஷம் சான்சலர்ஸ்வில் சண்டை நடந்ததும் அதே காட்டுப் பக்கம்தான், சரியாப் புதைக்காத எலும்புக்கூடுங்க காலுல தட்டுப்பட்டுச்சாம். துப்பாக்கிப் பொறி காஞ்ச சருகுல பட்டு தீ பிடிச்சு, கால் உடைஞ்சு நகர முடியாம கிடந்தவங்க இருந்த இடத்துலயே எரிஞ்சாங்க. தள்ளி நின்னவங்களுக்கு சத்தம் மட்டும் கேட்டுச்சு. பிப்ரவரி மார்ச்ல நம்ம புல்வெளி பத்திக்கிட்டா எந்த வேகத்துல ஓடும்னு உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்ல.

கேள்வி: மொத்தமா எத்தனை பேர் செத்தாங்க? நீலகிரிக்கும் இந்தப் போருக்கும் ஏதாவது சம்பந்தம் உண்டா? (கூடலூர் வாசகர்)

ரொம்ப காலமா 6,20,000ன்னு சொல்லிக்கிட்டு இருந்தாங்க, 2011ல மக்கள்தொகைக் கணக்கை வச்சு ஒரு ஆய்வாளர் திரும்ப எண்ணிப் பாத்து சுமார் 7,50,000 இருக்கும்னாரு. அப்ப நாட்டோட மொத்த ஜனமே 3 கோடியே 14 லட்சம்தான். இதுல பெரிய விஷயம் என்னன்னா, செத்த சிப்பாய்கள்ல மூணுல ரெண்டு பேர் குண்டடி பட்டுச் சாகல. வயித்துப்போக்கு, டைபாய்டு, நிமோனியா, தட்டம்மை, மலேரியா. கிராமத்துல தனியா வளந்த பசங்களை ஆயிரக்கணக்குல ஒரே கேம்ப்ல அடைச்சு, குடிக்கிற தண்ணிக்குப் பக்கத்துலயே கக்கூஸ் வெட்டினா வேற என்ன ஆகும்? பெரிய சண்டைங்களோட பேரை மட்டும் மனப்பாடம் பண்ணினா இந்த சாவெல்லாம் கணக்குலயே வராமப் போயிடுது, அதனாலதான் நான் இதை எங்க பேசினாலும் சொல்றேன்.

நீலகிரி சம்பந்தமும் இங்கதான் வருது. வடக்குப் படைல மட்டும் 10 லட்சம் தடவைக்கு மேல மலேரியா பதிவாகியிருக்கு. அதுக்கு ஒரே மருந்து கொயினா, தென் அமெரிக்க சிங்கோனா மரப்பட்டையில இருந்து எடுக்கறது. வடக்குப் படைகிட்ட தாராளமா இருந்துச்சு, தெற்கோட துறைமுகங்களை வடக்கு கடற்படை அடைச்சிட்டதால அங்க தட்டுப்பாடு, கடத்திக்கிட்டு வந்தாங்க, கிடைக்காதப்ப வேற வேற மரப்பட்டையக் கொதிக்க வச்சுக் குடிச்சாங்க. சரியா அதே வருஷங்கள்லதான் மார்க்கம்ங்கிற பிரிட்டிஷ்காரர் தென் அமெரிக்காவுல இருந்து கொண்டு வந்த சிங்கோனாவை ஊட்டி தாவரவியல் பூங்காவைப் பாத்துக்கிட்டு இருந்த மெக்கைவர் தொட்டபெட்டாலயும் உங்க கூடலூருக்கு மேல நடுவட்டத்துலயும் நட்டு வளத்துக்கிட்டு இருந்தாரு. நம்ம மரம் அந்தப் போருக்கு உதவல, பட்டை உரிக்கிற அளவுக்கு வளர்றதுக்குள்ள போர் முடிஞ்சிடுச்சு. ஆனா ஒரு நாடு கொயினாவுக்கு அடுத்தவனைக் கையேந்தி நின்னா என்ன ஆகும்னு பிரிட்டிஷ்காரன் பயந்து இங்க மரம் நட்ட அதே சமயத்துல, அமெரிக்கத் தெற்குல அந்தப் பயம் நேராவே நடந்துக்கிட்டு இருந்துச்சு.

கேள்வி: இந்தப் போர் அடிமை முறைக்காக நடந்ததில்ல, மாநில உரிமைக்காகன்னு ஒரு வீடியோல பாத்தேன் சார், எது சரி? (கொடைக்கானல், கல்லூரி மாணவர்)

தம்பி, பிரிஞ்சு போனவங்க அப்பவே என்ன சொன்னாங்கன்னு பாத்தா போதும். மிசிசிப்பி மாநிலம் பிரியறப்ப வெளியிட்ட அறிக்கையோட ஆரம்பத்துலயே எங்க நிலைப்பாடு அடிமை முறையோட பின்னிப் பிணைஞ்சதுன்னு ஒளிவுமறைவு இல்லாம இருக்கு. தெற்கோட துணை ஜனாதிபதி ஸ்டீவன்ஸ் 1861 மார்ச்ல பேசினப்ப கறுப்பு மனுஷன் வெள்ளைக்காரனுக்குச் சமம் இல்லைங்கிறதுதான் எங்க புது அரசாங்கத்தோட மூலைக்கல்லுன்னாரு. அடிமையா இருந்தவங்க கிட்டத்தட்ட 40 லட்சம் பேர். இவங்க கேட்ட உரிமை எதுக்கான உரிமைன்னு நீங்களே பாத்துக்கோங்க. ஆரம்பத்துல லிங்கன் நாடு உடையாம இருக்கணும்னுதான் சண்டை போட்டாரு, அது நிஜம். ஆன்டீட்டம்ல தெற்குப் படை பின்வாங்கினதும், சண்டை நடந்த அஞ்சே நாள்ல, செப்டம்பர் 22 அன்னைக்கு விடுதலைப் பிரகடனத்தை அறிவிச்சாரு, 1863 ஜனவரி 1ல இருந்து அமல்.

உங்க ஊர்ல முதல் பங்களாக்களைக் கட்டினதே மதுரை அமெரிக்கன் மிஷன்காரங்க, 1845ல. அதனால போர் நடந்தப்ப அந்த அமெரிக்கக் குடும்பங்க இந்தப் பக்கம் இருந்தாங்க. சொந்த நாட்டுச் செய்தி கப்பல்ல வாரக்கணக்குல மாசக்கணக்குல கழிச்சு வரும், ஆன்டீட்டம் நடந்ததே அன்னைக்கு இவங்களுக்குத் தெரிஞ்சிருக்காது.

கேள்வி: கறுப்பினத்தவங்க சண்டை போட்டாங்களா? (குன்னூர், ஆசிரியை)

சுமார் 1,79,000 பேர் வடக்குத் தரைப்படைல, இன்னும் பல ஆயிரம் பேர் கடற்படைல. வெள்ளைக்கார சிப்பாய்க்கு மாசம் 13 டாலர், இவங்களுக்கு 10, அதுலயும் துணிக்குன்னு 3 பிடிச்சிக்கிட்டு கைல 7தான். மாசச்சூசெட்ஸ் 54ஆவது ரெஜிமெண்ட் அந்தச் சம்பளத்தை வாங்கவே மாட்டோம்னு மாசக்கணக்குல மறுத்தாங்க, 1864 ஜூன்லதான் நாடாளுமன்றம் சமச் சம்பளம்னு சட்டம் போட்டுச்சு. சம்பளம் வாங்காத அந்த ஆளுங்கதான் 1863 ஜூலை 18 பொழுது சாயறப்ப தென் கரோலினால வாக்னர் கோட்டை மேல ஏறினாங்க. போன சுமார் 600 பேர்ல 270க்கு மேல சாவு, காயம், கைதி. அவங்க கர்னல் ஷா வெள்ளைக்காரரு, அவரும் மதில் மேலயே செத்தாரு, தெற்குக்காரங்க அவரையும் கறுப்பு சிப்பாய்களோட ஒரே குழில போட்டாங்க. பொணத்தை எடுத்து வந்து தனியா அடக்கம் பண்ணலாம்னு பேச்சு வந்தப்ப அவரோட அப்பா வேண்டாம்னுட்டாரு, அவன் ஆளுங்களோடயே இருக்கட்டும்னு. கொடி விழாம தூக்கிட்டுத் திரும்பின வில்லியம் கார்னிக்கு நாட்டோட உச்ச வீரப் பதக்கம் கிடைச்சது 1900ல, 37 வருஷம் கழிச்சு.

கேள்வி: உலகத்துலயே மோசமான உள்நாட்டுப் போர் இதுதானா? (கோத்தகிரி வாசகர்)

இல்ல. இதே காலத்துல சீனால தைப்பிங் கலகம் நடந்துச்சு, 1850ல இருந்து 1864 வரைக்கும், செத்தவங்க 2 கோடிக்குக் குறையாதுங்கிறாங்க. அதைப் பத்தி நம்ம ஸ்கூல் புஸ்தகத்துல ரெண்டு வரி இருந்தா அதிகம். அடுத்த இதழ்ல அதை எடுத்துக்கறேன், கேள்விகளை மாசக் கடைசிக்குள்ள அனுப்புங்க.